கிரிபயேதவ் கால்வாய்: வெட்டிய கால்வாயா, வளைத்த ஆறா?

2024 ஜூன் 2 (ஒரு வாசகரின் கேள்வி)

தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ கதையை மறுபடி படித்தேன். அதன் நாயகி நாஸ்தென்கா கம்பியழியில் சாய்ந்து நிற்கும் கால்வாய் எது? பீட்டர்ஸ்பர்க்கின் கால்வாய்கள் எல்லாமே மகா பீட்டர் வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து வெட்டச் சொன்னவை என்று நினைக்கிறேன். ஓர் ஆற்றுக்கு இருக்கும் வரலாறு அவற்றுக்கு இருக்க முடியாது. ஆகவே இந்தக் கால்வாயோ அந்தக் கால்வாயோ, பெரிய வேறுபாடு இல்லை. சரிதானே?

ஜூன் 2, இரவு

சரியில்லை. இரண்டு இடத்தில் சரியில்லை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மோய்கா ஆற்றிலிருந்து பிரிந்து, நேவ்ஸ்கி பெருஞ்சாலைக்கு அடியில் புகுந்து, சென்னயா சதுக்கத்தின் பின்புறமாக நெளிந்து, ஃபோன்தான்கா ஆற்றில் போய்ச் சேரும் 5 கிலோமீட்டர் நீர். இன்றைக்கு அதன் பெயர் கிரிபயேதவ் கால்வாய். அளவுகோல் வைத்து இழுத்த கோடு அப்படியா நெளியும்? ஓரிடத்தில் யானையின் துதிக்கைபோல மடங்குகிறது. அந்த மடிப்பை எந்தப் பொறியாளரும் விரும்பிப் போட்டிருக்க மாட்டார். அது ஆற்றின் உடம்பு. கிரிவூஷா என்ற சிற்றாறு அங்கே ஓடியது. ருஷ்ய மொழியில் ‘கிரிவோய்’ என்றால் கோணல். கிரிவூஷா என்றால் கோணல்காரி. ஊர் அதைப் பிடித்து ஆழப்படுத்தி, கரைக்குக் கல் கட்டி, கால்வாய் என்று பெயர் வைத்தது. கோணலை மட்டும் அதனால் எடுக்க முடியவில்லை.

1986 முதல் 1990 வரை நான் அந்த ஊரில் படித்தேன். அப்போது அது லெனின்கிராத். விடுதியிலிருந்து பதினைந்து நிமிட நடையில் இந்தக் கால்வாய். அதனால்தான் இவ்வளவு சூடாக எழுதுகிறேன்.

ஜூன் 2, சற்று நேரம் கழித்து

நாஸ்தென்கா நின்றது இந்தக் கால்வாயின் கரையில்தான். ஐயமே வேண்டாம்.

ஜூன் 4

பீட்டரைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் தனியாக ஒரு பதில். பீட்டர் 1725இல் இறந்துவிட்டார். அவர் காலத்தில் வெட்டிய நேர்க்கால்வாய்கள் உண்டு, மறுக்கவில்லை. 1719இல் வெட்டிய கிரியூகவ் கால்வாய் அப்படி ஒன்று. கோல் மாதிரி நேராக இருக்கும். ஆனால் கிரிவூஷாவின் கதை அவருக்குப் பின்னால் வருவது. இரண்டாம் கத்தரீனா அரசியாக இருந்தபோது, 1764இல், வேலை தொடங்கியது. 1790 வரை 26 ஆண்டுகள் நடந்தது. ஆழம் தோண்டினார்கள், இரு கரைக்கும் கருங்கல் போர்த்தினார்கள். அரசியின் பெயராலேயே யெகதெரீனா கால்வாய் ஆயிற்று.

எதற்காக இவ்வளவு பாடு? வெள்ளத்துக்காக. கடல் பக்கமிருந்து காற்று அடித்தால் நேவா நதி பின்வாங்கி ஊருக்குள் ஏறும். கால்வாய் வெட்டினால் அந்த நீருக்கு இடம் கிடைக்கும் என்று நம்பினார்கள். அந்தத் திட்டத்தை எழுதிக்கொடுத்தவர் இலாரியோன் கொலெனீஷ்செவ் குதூஸவ் என்ற ராணுவப் பொறியாளர். நெப்போலியனை எதிர்த்து நின்ற தளபதி குதூஸவின் தந்தை.

இதை எழுதும்போதே எனக்கு மனம் நெகிழ்கிறது. நேவ்ஸ்கி பெருஞ்சாலை இந்தக் கால்வாயைத் தாண்டும் இடத்தில் இருப்பது கசான் பாலம். 1765இல் தொடங்கி மறு ஆண்டு முடித்தார்கள். கட்டியதில் தந்தை குதூஸவுக்குப் பங்கு உண்டு. பாலத்தை ஒட்டியே கசான் பேராலயம். 1813இல் மகன் குதூஸவை அடக்கம் செய்தது அந்தப் பேராலயத்துக்குள்தான். வெளியே 1837இல் வைத்த அவருடைய சிலை நிற்கிறது. தந்தை போட்ட பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் மகனின் கல்லறை. பாலம் கிட்டத்தட்ட 95 மீட்டர் அகலம், நீளமோ மிகக் குறைவு. சாலையின் ஒரு பகுதி என்றே எண்ணி மக்கள் கடந்துபோவார்கள். நானும் முதல் ஒரு மாதம் அப்படித்தான் கடந்தேன்.

ஜூன் 5

ஒரு நண்பர் தனிமடலில் திருத்தியிருக்கிறார். 1764க்கு முன்பே, 1739இல், கிரிவூஷாவின் வழியில் ஒரு கால்வாய் அமைத்துவிட்டார்கள். 1764இல் நடந்தது தொடக்கம் அல்ல, ஆழப்படுத்தலும் கரைகட்டலும். அவர் சொல்வது சரி. மேலே ‘வேலை தொடங்கியது’ என்று நான் எழுதியதை அந்த அளவுக்குக் குறைத்துப் படியுங்கள். என் முதல் வாதம் இதனால் பலவீனப்படவில்லை. ஆறு முன்னால், கால்வாய் பின்னால்.

இன்னொன்றையும் அவர் நினைவூட்டினார். கிரிவூஷாவுக்கு ‘குளுஹாயா ரேச்கா’ என்றும் பெயர். ‘குளுஹோய்’ என்றால் செவிடு. முட்டுச்சந்து போல வழி அடைபட்டது என்றும் பொருள் வரும். கோணல்காரி, செவிட்டாறு. ஊர் தொடக்கத்திலிருந்தே அதை நல்ல பெயர் சொல்லி அழைக்கவில்லை.

ஜூன் 5, இரவு

வெள்ளத்தைத் தடுத்ததா என்று கேட்கிறார்கள். இல்லை. கரைக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தபோதே, 1777 செப்டம்பரில், நீர் 321 சென்டிமீட்டர் ஏறியது. 1824 நவம்பரில் 421. கடலிலிருந்து வரும் நீருக்குக் கால்வாய் ஒரு வாசல். ஊருக்குள் அழைத்துவரும் வாசல். அதைத் தடுக்க 2011இல் பின்லாந்து வளைகுடாவின் குறுக்கே 25 கிலோமீட்டர் அணையைக் கட்டி முடிக்க வேண்டியிருந்தது.

ஜூன் 8

பெயர் மாறிய கதை. 1923இல் அரசியின் பெயரை எடுத்துவிட்டு நாடகாசிரியர் கிரிபயேதவின் பெயரை வைத்தார்கள். ருஷ்யத் தூதராகப் போன இடத்தில், 1829இல், டெஹ்ரானில் ஒரு கூட்டம் தூதரகத்துக்குள் புகுந்து அவரைக் கொன்றது. அவருக்கும் இந்தக் கால்வாய்க்கும் என்ன தொடர்பு என்று நான் அங்கே இருந்த நாளில் யோசித்ததே இல்லை. சோவியத் காலத்தில் எந்தத் தெருவுக்கும் ஓர் எழுத்தாளர் பெயர் வைப்பார்கள், அதுபோல இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

தொடர்பு இருக்கிறது. 1816 முதல் 1818 வரை அவர் குடியிருந்தது இந்தக் கால்வாய்க் கரையில், இன்று 104ஆம் எண்ணுள்ள வீட்டில். அதைவிட வியப்பு ஒன்று உண்டு. ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரஸ்கோல்நிகவ் கோடரியோடு ஏறிப்போகும் அடகுக்காரக் கிழவியின் வீடு எது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் சுட்டிக்காட்டுவதும் இதே 104தான். ஒரு பக்கச் சுவர் கால்வாயைப் பார்க்க, மறுபக்கம் தெருவைப் பார்க்க நிற்கும் பெரிய வீடு என்று நாவல் சொல்வது அதற்குப் பொருந்துகிறது. நான் அந்த முற்றத்துக்குள் 1987 பனிக்காலத்தில் போனேன். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு பெண், ‘மூன்றாவது வாசல், நான்காவது மாடி’ என்று நான் கேட்காமலேயே சொன்னார். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

ஜூன் 9

நாவலில் அது யெகதெரீனா கால்வாய் என்று வருவதில்லை. தஸ்தயேவ்ஸ்கி ‘கனாவா’ என்று எழுதுகிறார். இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் சில நாட்களாக என் மண்டையைக் குடைகிறது.

கால்வாய் என்று போட்டால் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. வாய்க்கால் என்றால் நமக்கு வயல் நினைவுக்கு வரும்; அது நன்றியோடு சொல்கிற சொல். சாக்கடை என்றால் மிகையாகிவிடும், ஏனென்றால் அதில் படகு ஓடியது, பாலங்கள் நின்றன. கனாவா என்பது மண்ணில் தோண்டிய பள்ளம். நீர் தேங்கி நாறும் பள்ளம். ஊர்மக்கள் ‘காத்யாவின் பள்ளம்’ என்றே சொன்னார்கள். அரசியின் பெயரைச் செல்லமாகச் சுருக்கி ஒரு நாறும் பள்ளத்தோடு ஒட்டவைத்த சொல் அது. கரைக்குக் கருங்கல் போர்த்தியும் அந்தப் பெயர் போகவில்லை.

காரணம் கண்ணுக்கு எதிரே இருந்தது. கரையோர வீடுகளின் கழிவெல்லாம் இதற்குள் போயிற்று. சென்னயா சந்தையின் அழுக்கும் இதற்குள்தான். குழாய் நீர் 1863இல்தான் வந்தது. அதற்கு முன் பீப்பாய் வண்டிக்காரர்கள் தெருத்தெருவாக நீர் விற்றார்கள். வெள்ளைப் பீப்பாயில் வருவது நேவா நீர், குடிப்பதற்கு. பச்சைப் பீப்பாயில் வருவது கால்வாய் நீர், மற்ற வேலைகளுக்கு. பச்சைப் பீப்பாய் நீரையும் குடித்த ஏழைகள் இருந்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1831இல் காலரா வந்தபோது சென்னயா சதுக்கத்தில் கலவரமே வெடித்தது. மருத்துவர்கள் நஞ்சு கொடுக்கிறார்கள் என்று மக்கள் நம்பினார்கள். பேரரசர் முதலாம் நிக்கலாய் நேரில் வந்து கூட்டத்தை அடக்க வேண்டியதாயிற்று.

ரஸ்கோல்நிகவ் பாலத்தின் மேல் நின்று கீழே பார்க்கும் காட்சி நினைவிருக்கிறதா? பக்கத்தில் ஒரு பெண் குதிக்கிறாள். அழுக்கு நீர் விலகி அவளை வாங்கிக்கொள்கிறது. ஒரு காவலர் இறங்கி அவளைக் கரையேற்றுகிறார். தானும் குதிக்கலாம் என்று நினைத்து வந்தவன், அருவருப்பாக இருக்கிறது, இந்த நீர் வேண்டாம் என்று திரும்பிவிடுகிறான். படித்த வயதில் அதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டேன். அந்த மாணவனின் மூக்கில் உண்மையான ஒரு வாடை ஏறியிருக்கிறது என்று புரிந்தது, ஜூலை வெக்கையில் அங்கே நின்ற பிறகுதான். 1988இல்கூடக் கோடையில் இலேசான பாசி நாற்றம் இருந்தது.

ஜூன் 9, சேர்க்கை

கோகலை விட்டுவிட்டேன். கக்கூஷ்கின் பாலத்தருகே ஸ்வெர்கவ் வீடு என்ற ஐந்து மாடிக் கட்டடம். ஊருக்குப் புதிதாக வந்த இளைஞர் கோகல் 1829 கடைசியிலிருந்து சில காலம் அங்கே வாடகைக்கு இருந்தார். பின்னால் தன் கதையிலும் அந்த வீட்டைப் பெயர் சொல்லிக் கொண்டுவந்தார். கையில் காசில்லாதவர்கள் கூடிய கரை இது. இலக்கியத்துக்கு இத்தனை கொடுத்ததற்கு அதுவும் காரணம்.

ஜூன் 13

இவ்வளவு நாறும் பள்ளத்தை ஏன் மூடவில்லை என்று ஒருவர் கேட்கிறார். மூடத்தான் பார்த்தார்கள்.

1869இல் ஒரு திட்டம் வந்தது. கால்வாயை மண்ணால் நிரப்பி, அடியில் கழிவுநீர்க் குழாய் போட்டு, மேலே இரண்டாம் அலெக்சாந்தர் பெயரில் அகலச் சாலை அமைப்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் சுகாதாரத்துக்கு நல்லதாகவே தோன்றியிருக்கும். பின்னால் நகர ரயில் பற்றிப் பேச்சு வந்தபோதும் கண்கள் இந்தக் கால்வாயின் மேல்தான் விழுந்தன. ஒவ்வொரு முறையும் அது தப்பியது.

தப்பாத ஒன்றைச் சொல்கிறேன், அப்போதுதான் இதன் அருமை தெரியும். லிகவ்ஸ்கி கால்வாய். 1718இல் தொடங்கி 1721இல் முடித்தார்கள். ஊருக்குத் தெற்கே ஓடிய லிகா ஆற்றிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் நீரைக் கொண்டுவந்து, பீட்டரின் கோடைத் தோட்டத்து நீரூற்றுகளைப் பீய்ச்ச வைத்த கால்வாய் அது. 1777 வெள்ளம் நீரூற்றுகளை உடைத்துப் போட்டது. கத்தரீனா அவற்றைத் திரும்பக் கட்டவில்லை. நீரூற்று போனதும் கால்வாய்க்கு வேலை போயிற்று. வேலையில்லாத நீர் தேங்கியது, நாறியது, குப்பை கொட்டும் இடமாயிற்று. 1891, 1892 ஆண்டுகளில் ஊருக்குள் இருந்த பகுதியை மூடினார்கள். இன்று அதன் மேல் லிகவ்ஸ்கி பெருஞ்சாலை. பீட்டர்ஸ்பர்க்கின் ‘மாஸ்கோ ரயில் நிலைய’த்தில் இறங்கியதும் எதிர்ப்படும் சாலை அதுதான்.

முதன்முதலாக அந்த ஊரில் நான் கால் வைத்தது அந்தச் சாலையில். கீழே ஒரு கால்வாய் புதைந்திருக்கிறது என்று நான்கு ஆண்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிப் பல ஆண்டு கழித்து ஒரு பழைய வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டபோது, அருகில் குடியிருந்த ஒருவரின் மரணச் செய்தி தாமதமாக வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

கிரிவூஷாவுக்கும் அதே முடிவு வந்திருக்கலாம். அதனாலேயே அந்த 1869 திட்டத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஜூன் 14

கோபத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தேன். நேற்றிரவு எழுதியதைக் காலையில் படித்தபோது உறுத்தியது. காலரா வந்த ஊரில், கழிவு ஓடும் கால்வாய்க் கரையில் குழந்தை வளர்க்கும் தாய் அந்தத் திட்டத்தை வரவேற்றிருப்பார். நான் பின்னால் வந்து அழகு பார்த்துவிட்டுப் போனவன். மூடாமல் விட்டது நல்லது என்பதில் மாற்றமில்லை. மூட நினைத்தவர்களைப் பகைவர்கள்போல எழுதியிருக்கக் கூடாது.

ஜூன் 17

1881 மார்ச் 1. பழைய நாட்காட்டிப்படி; இன்றைய கணக்கில் மார்ச் 13. எந்தப் பேரரசரின் பெயரில் இந்தக் கால்வாயைச் சாலையாக்க நினைத்தார்களோ, அதே இரண்டாம் அலெக்சாந்தர் இதன் கரையில் குண்டுக்குப் பலியானார். சோஃபியா பெரோவ்ஸ்கயா என்ற புரட்சியாளர் குண்டு வீச, வண்டி உடைந்தது. பேரரசர் இறங்கி நின்றார். அடுத்த குண்டு அவர் காலடியில் வெடித்தது.

விழுந்த இடத்திலேயே கோயில் கட்ட வேண்டும் என்று மகன் முடிவு செய்தார். இடமோ கால்வாயின் விளிம்பு. கோயிலை நகர்த்த முடியாது, ஆகவே கரையை நகர்த்தினார்கள். கோயில் கால்வாய்க்குள் சில மீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் நீர் ஒடுங்கிப் போகிறது. 1883 முதல் 1907 வரை வேலை. கட்டடக் கலைஞர் அல்ஃபிரெத் பார்லாந்த். உள்ளே 7,000 சதுர மீட்டருக்கும் மேல் பதிகல் சித்திரங்கள். அன்றைய தளக்கற்களும் கால்வாயின் கம்பியழியில் ஒரு துண்டும் இன்னும் கோயிலுக்குள் இருக்கின்றன. நீரைப் பார்த்து நின்ற கம்பியழி இப்போது கூரைக்கடியில் நிற்கிறது.

நான் அங்கே இருந்த நான்கு ஆண்டும் அந்தக் கோயிலைச் சாரம் கட்டித்தான் வைத்திருந்தார்கள். பழுதுபார்ப்பு முடியவே முடியாது என்பார்கள். அந்தச் சாரம் இறங்கினால் சோவியத் ஆட்சியும் இறங்கும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு. எங்கள் விடுதிச் சமையலறையில் ஒரு கிழவி அதைக் குரல் தாழ்த்திச் சொன்னதை என் காதால் கேட்டேன். 1991இல் சாரத்தைப் பிரித்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். சோவியத் ஆட்சி ஆட்டம்கண்ட ஆகஸ்ட் மாதச் செய்திகளை வானொலியில் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கிழவியின் முகம்.

ஜூன் 17, இரவு: திருத்தம்

பெரோவ்ஸ்கயா குண்டு வீசவில்லை. பிழை என்னுடையது. முதல் குண்டை எறிந்தவர் நிக்கலாய் ரிசாக்கவ். இரண்டாவது, இக்னாத்தி கிரிநெவீத்ஸ்கி. அவரும் அதே வெடிப்பில் இறந்தார். பெரோவ்ஸ்கயா கால்வாயின் எதிர்க்கரையிலிருந்து கைக்குட்டை அசைத்துக் குறிகாட்டினார். வேறொரு தெருவில் சுரங்கம் தோண்டி வெடி வைத்துக் காத்திருந்தார்கள். வண்டி அந்த வழியே வரவில்லை என்று தெரிந்ததும் ஆட்களைக் கால்வாய்க் கரைக்கு மாற்றியவர் அவரே. இரண்டு கரைக்கும் நடுவில் அந்த நீர் இருந்தது என்பதை மறந்து எழுதிவிட்டேன்.

ஜூன் 20

பாலங்களைப் பற்றிக் கேட்டவருக்கு: இருபதுக்கும் மேல். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. வங்கிப் பாலமும் சிங்கப் பாலமும் 1825, 1826இல் கட்டியவை. வில்ஹெல்ம் திரெய்த்தெர் வடிவமைப்பு. சிற்பங்கள் பாவெல் சக்கலோவுடையவை. வங்கிப் பாலத்தின் நான்கு மூலையிலும் பொன் இறகுள்ள கிரிஃபின்கள், அதாவது சிறகு முளைத்த சிங்கம் போன்ற கற்பனை விலங்குகள். அழகுக்கு வைத்தவை என்று பலரும் நினைக்கிறார்கள். அவை வேலை செய்கின்றன. பாலத்தைத் தாங்கும் சங்கிலி அவற்றின் வாய்க்குள்ளிருந்துதான் புறப்படுகிறது.

கால்வாயின் கீழ்ப்பகுதிக்குப் போங்கள். கிரியூகவ் கால்வாய் குறுக்கே வரும் இடத்தில் பிக்காலவ் பாலம். அங்கிருந்து சுற்றிப் பார்த்தால் ஏழு பாலங்கள் கண்ணில் படும். பக்கத்தில் நிக்கலாய் பேராலயத்தின் மணிக்கூண்டு. நேர்க்கோடும் கோணலும் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் நின்றால், இந்த இழையின் முதல் கேள்விக்கு வேறு பதில் தேவைப்படாது.

ஜூன் 21

கால்வாயின் 9ஆம் எண் வீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சோவியத் காலத்தில் எழுத்தாளர்கள் சேர்ந்து குடியிருந்த கட்டடம். ஸோஷ்சென்கோ அங்கே இருந்தார். 1946இல் கட்சி அவரைப் பெயர் சொல்லித் தாக்கியது. எழுத்தாளர் சங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். இன்று அவர் வாழ்ந்த குடியிருப்பு அருங்காட்சியகம்.

இரண்டாம் உலகப் போரின் முற்றுகைக் காலத்தில் குழாய்கள் உறைந்துபோனபோது ஊர்மக்கள் நேவாவிலும் கால்வாய்களிலும் பனிக்கட்டியை உடைத்து வாளியில் நீர் மொண்டார்கள். பச்சைப் பீப்பாய் காலத்தில் ஏழைகளுக்கு விட்ட நீர், அந்தப் பனிக்காலத்தில் எல்லோருக்கும் குடிநீராயிற்று. அதைப் பற்றி மேலே எழுத எனக்குக் கை வரவில்லை.

ஜூன் 26

முதல் நாள் இரவு ‘ஐயமே வேண்டாம்’ என்று எழுதினேன். ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பை அலமாரியிலிருந்து எடுத்து மீண்டும் படித்தேன். கையில் பென்சில் வைத்துக்கொண்டு, இடப்பெயர்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டேன்.

ஐயம் வேண்டும்.

தஸ்தயேவ்ஸ்கி ஃபோன்தான்காவைப் பெயர் சொல்கிறார். நேவ்ஸ்கியைச் சொல்கிறார். கால்வாய்க்கு மட்டும் பெயர் கொடுக்கவில்லை. நாஸ்தென்காவைப் பார்க்கும் அன்று கதைசொல்லி நகர எல்லையைத் தாண்டி வயல்வெளிக்குப் போய்விட்டு இரவில் திரும்புகிறான். வழி கால்வாய்க் கரையில். அந்த நேரத்தில் அங்கே ஓர் உயிரையும் பார்க்க முடியாது என்கிறான். நகரின் மிகத் தொலைவான பகுதியில் குடியிருக்கிறேன் என்றும் சொல்கிறான். கசான் பாலத்தருகேயோ சென்னயா பக்கமோ இதைச் சொல்ல முடியாது. அங்கே எந்த நேரமும் கூட்டம். ஆகவே யெகதெரீனா கால்வாய் என்றால் அதன் கடைசிப் பகுதி, ஃபோன்தான்காவில் சேர்வதற்கு முந்தைய கலோம்னா வட்டாரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊரின் தெற்கு விளிம்பைச் சுற்றிவரும் அப்வோத்னி கால்வாய். 1833இல் அதை வெட்டி முடித்துவிட்டார்கள். கதை வெளிவந்தது 1848.

நான்கு ஆண்டு இந்தக் கரையில் நடந்தவன் என்பதால் கதையை இங்கே இழுத்துக் கட்டிவிட்டேன். கேள்வி கேட்டவரிடம் அந்த ஒரு வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘எந்தக் கால்வாயானாலும் ஒன்றுதான்’ என்று அவர் சொன்னதை மட்டும் இப்போதும் ஏற்கமாட்டேன்.

ஒரே ஒரு சிறிய சாட்சி என் பக்கம் இருக்கிறது. நாஸ்தென்கா கம்பியழியில் சாய்ந்து, கலங்கிய நீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கலங்கிய நீர். தஸ்தயேவ்ஸ்கி அந்தச் சொல்லை எதிரே பார்த்து எழுதியிருக்கிறார்.

ஜூலை 3

நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கடைசியாகக் கேட்டிருக்கிறார்கள். மோய்காவிலிருந்து ஃபோன்தான்காவுக்கு. ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 1988 ஜூனில், இரவு பதினொன்றரை மணி வெளிச்சத்தில், சிங்கப் பாலத்தின் மேலிருந்து நானும் என் அறைத்தோழனும் ஒரு பிர்ச் இலையைப் போட்டோம். அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இலை முதலில் அசையவில்லை. பிறகு தன்னைத்தானே மெல்லச் சுற்றியது. பத்து நிமிடத்தில் பாலத்தின் நிழலைவிட்டு வெளியே வந்து, கரை வளையும் பக்கமாகத் தானும் வளைந்து போயிற்று.